உச்சிக்காடும் குடுமிக் கழுகும்

நுவரெலியா மாவட்டத்து மலைகளுக்கு மேல் வட்டமிடும் பெரிய வேட்டைப் பறவைகள் நான்கைந்து வகை உண்டு. தோட்டத்தில் அத்தனைக்கும் கழுகு, பருந்து என்ற இரண்டே பேர்தான். லயத்து வாசலில் மேய்கிற கோழிக்குஞ்சை ஒன்று தூக்கிக்கொண்டு போகும்போது, அதன் வாலில் எத்தனை பட்டை, காலில் இறகு உண்டா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டே மிச்சக் குஞ்சுகள் மேல் கூடையைக் கவிழ்க்கிறார்கள், பிள்ளைகள் கல்லெடுக்கிறார்கள். அதற்குள் பறவை சவுக்கு மரங்களைத் தாண்டி மறைந்துவிடுகிறது.

அவற்றுள் ஒன்று இலங்கையின் ஈர மலைகளையும் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. மலைக் குடுமிக் கழுகு என்று இங்கே அதைக் குறிப்பிடுகிறேன். அறிவியல் பெயர் நிசேட்டஸ் கெலார்ட்டி. ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இருக்கும்வரை இதற்கு ஆபத்தில்லை என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பாதிதான் சரி என்பது என் கட்சி. தோட்டங்களுக்கு நடுவே, மலை முகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் பேர்ப்பலகை இல்லாமல் கிடக்கும் காட்டுத் துண்டுகளில்தான் இதன் மீதிப்பாதித் தலைவிதி எழுதப்படுகிறது. அந்தத் துண்டுகளை வெட்டலாமா வைக்கலாமா என்று தீர்மானிக்கிறவர்களுக்கு இப்படியொரு கழுகு இருப்பதே பெரும்பாலும் தெரியாது.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். மலையகத்தில் அதிகம் கண்ணில் படுவது பாம்புக் கழுகு. மூடுபனி கலைந்து வெயில் ஏறியதும் மேலே எழும்பி, சீழ்க்கை அடிப்பதுபோலக் கத்திக்கொண்டே சுற்றும். விரித்த இறக்கையின் பின்விளிம்பை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டை ஒன்று ஓடும். கருங்கழுகு மஞ்சள் காலும் மஞ்சள் அலகடியும் தவிர உடம்பு முழுக்கக் கறுப்பு; அவசரமே இல்லாமல் மர உச்சிகளை உரசுகிற மாதிரி மிதந்து போகும். செவ்வயிற்றுக் கழுகு உருவத்தில் சிறியது, பாய்ச்சலில் கெட்டி. தாழ்ந்த குன்றுகளிலும் வரண்ட வலயத்திலும் காணும் சாதாரணக் குடுமிக் கழுகு ஒன்றும் உண்டு. இங்குள்ளவற்றில் மலைக் குடுமிக் கழுகுக்கு அதுதான் நெருங்கிய உறவுக்காரர், குழப்பத்துக்கும் அதுவே காரணம். மலைக்காரர் உருவில் பெரியவர். பின்தலையில் நீண்டு நிமிர்ந்த, நுனி வெளுத்த கறுப்புக் குடுமி. விரல்களின் அடிவரை இறகு போர்த்திய கால்கள். நடுவில் அகன்று உடம்போடு சேருமிடத்தில் ஒடுங்கும் இறக்கை. வடக்கே இமயமலையில் வாழும் இதன் சொந்தங்களுக்குத் தொண்டையின் நடுவே அழுத்தமான கருங்கோடு இருக்கும். நம்முடையதில் அது மங்கிப்போய், மார்பும் வயிறும் வெளிறிய செம்பழுப்பாக இருக்கும்.

பேரில் இருக்கும் கெலார்ட் வெளியூர்க்காரர் அல்லர். எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1819இல் இலங்கையில் பிறந்த பறங்கியர் சமூகத்து மருத்துவர். இராணுவ மருத்துவராக நுவரெலியாவிலும் இருந்தவர். அந்தக் குளிரில் எலி, மூஞ்சூறு, பல்லி, பறவை என்று எதையும் விடாமல் சேகரித்தார். இலங்கையின் விலங்குகளைப் பற்றிய அவருடைய நூல் 1852இல் வந்தது. 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். கழுகுக்கு அவர் பேரைச் சூட்டியவர் வில்லியம் வின்சென்ட் லெக். தஸ்மேனியாவில் பிறந்த பீரங்கிப் படை அதிகாரி. 1868 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இலங்கையில் இருந்தவர். 1878க்கும் 1880க்கும் இடையில் வெளிவந்த அவருடைய ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ இன்றைக்கும் பறவை ஆய்வாளர்கள் புரட்டுகிற நூல். ஆங்கிலத்தில் இந்தக் கழுகு லெக்கின் பேராலேயே அழைக்கப்படுகிறது. இருவர் பேரையும் சுமந்துகொண்டு பறக்கும் பறவை இது.

அதற்குப் பிறகு நெடுங்காலம் இது தனி இனமாகக் கருதப்படவில்லை. இமயமலையிலிருந்து சீனா, தாய்வான், ஜப்பான் வரை பரவியிருக்கும் மலைக் கழுகின் தெற்குக் கிளை என்று ஒதுக்கிவைத்தார்கள். பரந்த நிலப்பரப்பில் வாழ்கிற பறவையின் ஒரு கிளைதானே, இங்கே குறைந்தால் அங்கே இருக்கிறது என்ற அலட்சியம் அதோடு சேர்ந்தே வந்தது. 2008இல் ஒரு நோர்வே ஆய்வாளரும், பறவை வகைப்பாட்டில் பேர்போன பமேலா ராஸ்முசனும், இலங்கையின் தீபால் வரகாகொடவும் அடங்கிய குழு இதை மறுபடியும் எடுத்துப் பார்த்தது. இறகின் கோலம், உடல் அளவு, குரல், வடக்கத்திய கூட்டத்திலிருந்து பிரிந்து கிடக்கும் நிலப்பரப்பு எல்லாவற்றையும் வைத்து இது தனி இனம் என்று வாதிட்டார்கள். கண்டுகொள்ளப்படாத, அச்சுறுத்தலுக்குள்ளான கழுகு என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். சில உலகப் பறவைப் பட்டியல்கள் அதை ஏற்றுக்கொண்டன, எல்லாமும் ஒரே கோட்டில் நிற்கவில்லை.

வகைப்பாட்டுச் சண்டை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஜப்பான்வரை வாழும் பறவை என்று எழுதினால் நுவரெலியாவில் ஒரு மலைமுகடு மொட்டையாவது செய்தியே இல்லை. இரண்டு சிறு மலைத்தொகுதிகளில் மட்டும் வாழும் பறவை என்று எழுதினால், அதே முகடு அதன் உலகத்தில் ஒரு சதுரமாகிவிடுகிறது. பாதுகாப்புப் பணமும் கவனமும் பெரும்பாலும் இனத்தைப் பார்த்துத்தான் வருகின்றன. ஆகவே இந்தச் சண்டையில் நான் பிரிக்கிற கட்சி.

இது காட்டுக்குள் உட்கார்ந்து வேட்டையாடும் பறவை. மேலே வட்டமிடுவது எல்லை காட்டவும் இணைக்கு அழைப்பு விடவும்தான் பெரும்பாலும். வேட்டை நேரத்தில் உயர்ந்த மரத்தின் உள்கிளையில், இலை மறைவில், அசையாமல் காத்திருக்கும். மலை அணில், காட்டுக்கோழி, மரப்புறா, முயல், ஓணான் என்று கண்ணில் படுவதைப் பாய்ந்து பிடிக்கும். குட்டையான அகன்ற இறக்கையும் நீண்ட வாலும் மரங்களுக்கிடையே திரும்பி வளைந்து பறப்பதற்கென்றே அமைந்தவை. ஆகவே காடு ஒரே அடர்த்தியாக இருந்தாலும் இதற்கு உதவாது, மரமே இல்லாத வெளியும் உதவாது. உள்ளே உயர்ந்த மரம் வேண்டும், அதன் கீழே பாய இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில் இரை வேண்டும்.

இனப்பெருக்கத்தில் இதைவிட நிதானமான பறவைகள் குறைவு. ஒரு ஈட்டில் ஒரே முட்டை. பெரிய மரத்தின் கவட்டில் குச்சிகளை அடுக்கிக் கட்டிய கூட்டுக்கு ஆண்டாண்டாகத் திரும்பி வரும். குஞ்சு இறகு முளைத்துப் பறந்த பிறகும் பல மாதம் தாய்தகப்பனின் நிழலிலேயே இருக்கும். ஜப்பானில் இதன் உறவினத்தை நெடுங்காலம் கவனித்தவர்கள், ஒரு இணை ஆண்டுதோறும் குஞ்சு பொரிப்பதில்லை என்றும் ஒரு குஞ்சை ஆளாக்கிவிட்டபின் அடுத்த பருவத்தைப் பெரும்பாலும் தவறவிடுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். கூடுள்ள மரத்தை ஒரு தடவை வெட்டினால் போகிறது ஒரு கூடு என்று கணக்குப் போடக்கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகளின் ஒரே வாரிசு போகிறது.

கருங்கழுகின் கதை வேறு. அதன் காலில் விரல்கள் ஒரே அளவில் இல்லை. வெளிவிரல் குட்டையாகி, நகங்கள் அதிகம் வளையாமல் நீண்டிருக்கும். இறுக்கிக் கொல்வதற்கு ஏற்ற கால் அன்று இது, அள்ளுவதற்கு ஏற்றது. மர உச்சிகளின் மேல் மெதுவாக மிதந்து வந்து, இலைகளுக்குள் ஒளித்துக் கட்டிய சின்னப் பறவையின் கூட்டைக் கண்டுபிடித்து, முட்டையோடும் குஞ்சோடும் கூட்டையே பிய்த்தெடுத்துக்கொண்டு போகும். பறந்துகொண்டே அதைக் கொத்தித் தின்பதையும் பார்க்கலாம். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கொண்டைக்குருவிகள் திடீரென்று ஒன்றுகூடிக் கத்தி, பிறகு சட்டென்று அடங்கினால் அண்ணாந்து பாருங்கள், பெரும்பாலும் இந்தக் கறுப்பு உருவம் இருக்கும். தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள ஓரங்களில் சிறு பறவைக் கூடுகள் அதிகம் என்பதால் கருங்கழுகு தோட்டத்தை ஓரளவு பயன்படுத்திக்கொள்கிறது. மலைக் குடுமிக் கழுகால் அப்படி முடியவில்லை. இரண்டையும் ஒரே ‘மலைக்கழுகு’ என்று சேர்த்துக் கணக்கெடுப்பது கெட்டிக்காரனின் மதிப்பெண்ணைத் தடுமாறுகிறவனுக்கும் சேர்த்துப் போடுவது போன்றது.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் கும்பாபிஷேகம் நடக்கும்போது கலசத்தில் நீர் விழுகிற நேரத்தில் கூட்டம் முழுக்க வானத்தைப் பார்க்கும். கருடன் வட்டமிட்டுவிட்டால் பெருமகிழ்ச்சி. சமவெளித் தமிழருக்குக் கருடன் என்றால் வெள்ளைத் தலைச் செம்பருந்து. ஆனால் அந்தப் பறவை குளமும் கடலும் உள்ள தாழ்நிலத்துக்காரர், நுவரெலியா உயரத்தில் அரிது. அங்கே கோபுரத்துக்கு மேல் வந்து ஆசி தந்துவிட்டுப் போவது பாம்புக் கழுகாகவோ கருங்கழுகாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏன், நம்முடைய குடுமிக்காரராகவும் இருக்கலாம். பக்தர்களுக்கு இதனால் குறை ஒன்றுமில்லை. கழுகுக்கு மக்கள் மத்தியில் இப்படியொரு மரியாதை ஏற்கெனவே இருப்பது, பாதுகாப்புப் பேசுகிறவர்கள் பயன்படுத்தாமல் விட்ட முதல்.

மலை எப்படி மொட்டையானது

1820களிலும் 30களிலும் கோப்பி மலைகளில் கால் வைத்தது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியதாக்கியது. அரசு அதை ஏக்கர் கணக்கில் விற்றது. கவர்னரும் உயர் அதிகாரிகளுமே தோட்டக்காரர்களாக இருந்த காலம் அது. மரத்தை வெட்டிய கைகள் சுற்றுவட்டாரச் சிங்களக் கிராமத்தவருடையவை, தலைமன்னார் வழியே நடந்து வந்த தமிழருடையவை. வெட்டிய இடத்தில் தீ வைத்து, சாம்பலில் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் பரவி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைத் துடைத்தெடுத்தது. அதற்கிரண்டு ஆண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி ஏறாத உயரத்துக்கும் தேயிலை ஏறியது. கோப்பிக்காலத்தில் தப்பிய காட்டுக்கும் ஆபத்து வந்தது அப்போதுதான்.

இந்தக் கதையில் கழுகுக்குச் சாதகமான ஒரு திருப்பம் உண்டு. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை விற்காமல் வைக்கவேண்டும் என்று 1873இல் அறிவுறுத்தினார். நீர் ஊற்றுகள் வற்றிவிடும் என்பது அவருடைய கவலை. அரசு கேட்டது. இன்றைக்கு ஹோர்ட்டன் சமவெளி, பிதுறுதலாகலை, சிவனொளிபாதமலை உச்சிகளில் காடு மிஞ்சியிருப்பதற்கு இந்த ஒற்றை ஆலோசனையே பெரும் காரணம். ஆனால் அதற்கு முன்பே விற்றுத் தீர்ந்த நிலத்தில், ஐயாயிரம் அடிக்கு மேலும் தேயிலை ஏறிவிட்டிருந்தது. அதனால் ஒரு வரைபடத்தைப் போட்டால் உச்சியில் காடு, கீழே தேயிலை என்று ஒழுங்கான கோடு கிடைக்காது. பச்சைத் தேயிலைக் கடலில் பெரிதும் சிறிதுமான தீவுகளாகக் காடு தெரியும். பெரிய தீவுகளுக்குச் சட்டப் பேர் கிடைத்தது. ஹக்கலை 1938இல் கடும் இயற்கை ஒதுக்கிடமானது; சிவனொளிபாதமலைக் காடு 1940இல் சரணாலயமானது; ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகி, 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சொத்தாயின. ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவின் பரப்பு 3,160 ஹெக்டேயர். அதில் கணிசமான பகுதி புற்றரை. காடு தனியாகக் கேட்கும் கழுகுக்கு இது அகலமான வீடு ஆகாது.

சின்னத் தீவுகளுக்கு எந்தப் பேரும் இல்லை. பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையிலும், டயகம பக்கமும், கந்தப்பளை, ராகலை மலைகளிலும் தேயிலைக்கு ஆகாத பாறைச் சரிவு, ஊற்றுவாய், முகடு என்று அங்கங்கே விட்டுவைத்த காடு. தோட்டத்தில் கேட்டால் ‘காட்டுத் தொங்கல்’ என்பார்கள். குடிநீர்க் குழாய் அங்கிருந்துதான் லயத்துக்கு வரும். ஒரு பெரிய காட்டிலிருந்து இன்னொன்றுக்கு இளங்கழுகு போவதற்கு நடுவில் இறங்கி நிற்கும் மரம் அங்கேதான் இருக்கும். ஒரு இணைக்கு வேட்டை நிலமாகவும் உதவும். மலைக் குடுமிக் கழுகு ஹோர்ட்டன் சமவெளியில் பத்து இணையாகவும், சிவனொளிபாதத்தில் இருபது இணையாகவும் தனித்தனியே கிடந்தால் அது மெல்ல மெல்லக் கருகும் கூட்டம்தான். இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து இருந்தால் ஒரே கூட்டம். அந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, கணக்கெடுப்பு அல்ல.

மரம் இருக்கிறது, காடு இல்லை

தோட்டங்களில் மரத்துக்குக் குறைவே இல்லை என்று வாதிடலாம். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நட்ட சவுக்கு, எல்லையில் யூக்கலிப்டஸ், கைவிட்ட தேயிலைச் சரிவுகளிலும் மானாப்புல் மலைகளிலும் பைனஸ். 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் பைனஸ் பெரும் வேகத்தில் நடப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை. உள்ளே போனால் தரையில் ஊசியிலை மெத்தை, கீழ்ச்செடி அரிது, பழம் இல்லை, அணிலுக்கும் காட்டுக்கோழிக்கும் வேலை இல்லை. கோடைக் காற்றில் எளிதாகத் தீப்பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் ஜப்பான் நமக்குப் பாடம். அங்கே இதன் உறவினம் குமடகா. 2004இல் ஜப்பான் அரசு குறைந்தபட்சம் 1,800 பறவைகள் என்று மதிப்பிட்டது. அதன் செம்பட்டியலில் அழிவாபத்துள்ள இனமாகவே வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்நாட்டு மலைகளில் சுகி, ஹினோக்கி என்ற ஊசியிலை மரங்கள் ஏராளமாக நடப்பட்டன. வெளிநாட்டு மரம் மலிவாக வந்ததும் உள்ளூர்த் தோப்புகளைக் கவ்வாத்துச் செய்யவும் கழிக்கவும் ஆளில்லாமல் போனது. தோப்பு இருட்டி நெருங்கியது. கழுகு பாய இடைவெளி இல்லை, முயலுக்குப் புல் இல்லை. காட்டுப்பரப்புக் கணக்கில் குறையாமலே கழுகு குறைந்தது. நுவரெலியாவில் பைனஸ் தோப்பைக் காட்டிக் காடு வளர்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

விறகும் ஒரு பங்குகாரர். கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்தி எடுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் விறகில்தான் எரிகின்றன. ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் விறகு போகிறது. நாட்டின் தேயிலைப் பரப்பு ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேயர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொழிற்சாலைக்குப் பின்புற முற்றத்தில் லொறியிலிருந்து இறக்கி வைத்திருக்கும் கட்டைகளில் பெரும்பாலும் யூக்கலிப்டஸும் இறப்பர் மரமுமே. ஆனாலும் எல்லைக் காட்டில் விழுந்த மரம், காய்ந்த மரம் என்று சொல்லி எடுப்பதும் உண்டு. கழுகு கூடு கட்டப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது முதிர்ந்த பெரிய மரத்தைத்தான். 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது, விறகுக்கட்டுச் சுமப்பது லயங்களில் மறுபடி அன்றாடமானது. அதற்காக யாரையும் குற்றஞ்சொல்ல வாய் வராது. வேறென்ன செய்வார்கள்?

இன்னும் சில அச்சுறுத்தல்களைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். ஹோர்ட்டன் சமவெளியில் கடந்த சில பதிற்றாண்டுகளாகவே முகட்டு மரங்கள் நின்றபடி பட்டுப்போகின்றன. வறட்சி, மண்ணின் சத்துக்குறை, காற்று மாசு என்று காரணங்கள் பேசப்படுகின்றன. உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் பயிரிடும் பள்ளத்தாக்குகளில் மருந்து தெளிப்பு மிக அதிகம், எலிக்கு வைத்த நஞ்சு எலியைத் தின்னும் பறவைக்கும் போய்ச்சேரும். ஓடைகளை மறித்துக் கட்டிய சிறு நீர்மின் திட்டங்கள் ஓடைக்கரைக் காட்டைப் பாதைக்கும் குழாய்க்கும் தின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்நோக்கி நகரும் வெப்பம். உச்சியில் வாழ்கிறவருக்கு அதற்கு மேலே இடமில்லை.

யார் காவல்

இலங்கையில் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. சில பறவைகளைத் தவிர மற்றதெல்லாம் அதன்படி பாதுகாக்கப்பட்டவை, கழுகைச் சுடுவதும் பிடிப்பதும் குற்றம். ஆனால் சட்டம் பறவையைக் காப்பாற்றுகிறது, பறவை உட்கார்ந்த மரத்தைக் காப்பாற்றுவதில்லை. காட்டைப் பொறுத்தவரை பூங்காவும் சரணாலயமும் வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில்; பாதுகாக்கப்பட்ட வனங்கள் வனத் திணைக்களத்தின் கையில்; எதிலும் சேராத மிச்சக் காடுகள், ‘ஏனைய அரச காடுகள்’ எனப்படுபவை, 2001இன் ஐந்தாம் இலக்கச் சுற்றறிக்கையின்படி வனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தன. 2020 நவம்பரில் அந்தச் சுற்றறிக்கை நீக்கப்பட்டு, அவற்றின் மீதான அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் போகும்படி செய்யப்பட்டது. சூழலியலாளர்கள் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். சின்னத் துண்டுகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதை அந்த ஒரு சுற்றறிக்கை காட்டிவிட்டது.

தோட்டத்துக்குள் இருக்கும் துண்டுகளின் நிலை இன்னும் வேறு. 1972, 75 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் நீண்டகாலக் குத்தகை. நிலம் அரசுடையது, நடத்துவது கம்பனி, வாழ்வது தொழிலாளர். ஊற்றுவாயைக் காப்பதும் சரிவில் மரத்தை வைப்பதும் கம்பனியின் விருப்பத்தையும் ஏற்றுமதிச் சந்தை கேட்கும் சான்றிதழையும் பொறுத்தது. மழைக்காட்டுச் சான்றிதழ் வாங்கிய தோட்டங்களில் உண்மையிலேயே காட்டோரம் வேலி போட்டுக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பலகை மட்டும் புதிதாகத் தொங்கும் தோட்டங்களையும் பார்த்திருக்கிறேன்.

கழுகைப் பேசும்போது சிறுத்தையைப் பேசாமல் இருக்க முடியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் கம்பிக் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தை காப்பாற்றப்பட்டும் சில நாளில் இறந்துபோனது. நாடு முழுக்கப் பேசியது. அந்தச் சாவுக்குப் பிறகு தோட்டச் சிறுத்தைகளுக்கென்று ஆய்வும் பணமும் கவனமும் கூடின. மலையகச் சிறுத்தைகள் தோட்டத்துக் காட்டுத் துண்டுகளையே வாழ்விடமாக்கிக்கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கழுகுக்கு இப்படி முகங்கொடுக்கும் சம்பவமே நேராது. அது கண்ணியில் மாட்டித் தொங்காது. ஒரு மரம் விழும், அடுத்த பருவம் வராது, அவ்வளவுதான். அதனால் என் யோசனை, சிறுத்தைக்கென்று காக்கும் துண்டுகளோடு கழுகையும் சேர்த்து எழுதுவது. சிறுத்தைக்குத் தேவை மறைவும் மான், பன்றி இரையும். கழுகுக்குத் தேவை முதிர்ந்த மரமும் அணிலும். இரண்டும் ஒரே காட்டில் கிடைக்கும், செலவு இரண்டு மடங்காகாது.

தென்னிந்தியாவில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. வால்பாறையில், ஆனைமலையின் 220 சதுர கிலோமீற்றர் பரப்பில், தேயிலைக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட காட்டுத் துண்டுகள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் போன்ற ஆய்வாளர்கள் தோட்டக் கம்பனிகளோடு ஒப்பந்தம் பேசி, தேயிலைக்கு ஒதுக்காத துண்டுகளில் அந்நிய மரங்களை மெல்ல நீக்கி உள்ளூர் மர நாற்றுகளை நட்டு வருகிறார்கள். அந்த வட்டாரமும் இந்தக் கழுகின் நிலம்தான். அங்கே நடப்பது நாளை நுவரெலியாவுக்கும் பொருந்தும்: பேரில்லாத துண்டுக்கு ஒரு பேரும் எல்லையும் கொடுத்து, எந்த மரம் எந்த ஆண்டு நட்டது என்று குறித்துவைத்து, கம்பனியின் வருடாந்தத் திட்டத்துக்குள் நுழைப்பது.

தாய்வானில் இன்னொரு கோணம். பைவான், ருகாய் பழங்குடித் தலைவர்களின் தலையணிக்கு இந்தக் கழுகின் உறவினத்தின் இறகு அடையாளம். வேட்டை அதிகமானபோது, பிங்துங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த இறகைப் போலவே தத்ரூபமான செயற்கை இறகு செய்து அந்த மக்களுக்கே கொடுத்தார்கள். தடையோடு நிற்காமல் தேவையைப் பார்த்தார்கள். நம் ஊரில் கழுகின் எதிரி இறகுக்காரர் இல்லை, கோழி வளர்ப்பவர். தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவுக்குத் தாய் விற்கும் ஒரு கோழியின் இழப்பைச் சிறிதென்று சொல்லிவிடக்கூடாது. வலையிட்ட சின்னக் கூண்டுக்கு ஆகும் செலவு ஒரு தோட்டத்து வனவிழிப்புப் பலகைக்கு ஆவதைவிடக் குறைவு, பயனோ அதிகம்.

அப்புறம் ஒரு பழைய கணக்கு பாக்கி. மலையகப் பறவைகளைப் பதிவு செய்தவர்களில் துரைமார் ஏராளம். பாலூட்டிகள் பற்றிய நூலை எழுதிய டபிள்யூ.டபிள்யூ.ஏ. பிலிப்ஸ் தோட்டத்துரை. 1955இல் வந்த, தலைமுறைகளாகப் பலரும் கையில் வைத்திருந்த இலங்கைப் பறவைக் கையேட்டை எழுதிய ஜி.எம். ஹென்றி தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவர்களுடைய உழைப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மலையில் விடிந்ததிலிருந்து நின்று கொழுந்தெடுத்த பெண்கள், காட்டோரக் காவலாளிகள், விறகு வெட்டியவர்கள் பார்த்தவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பார்க்கும் கண்கள் எத்தனையோ ஆயிரம், கேட்டவர் இல்லை. இன்று இளம் மலையகத்தார் கைபேசியில் கழுகைப் படமெடுத்து முகநூலில் போடுகிறார்கள். அதையே ஒரு பறவைப் பதிவுத் தளத்தில் நாள், இடத்தோடு போட்டால் அது தரவாகிறது. பறவையியலாளர் சரத் கொட்டகம 1976இல் தொடங்கிய களப் பறவையியல் குழு போன்ற அமைப்புகள் தமிழில் ஒரு சின்னக் கையேட்டை அச்சடித்துத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கொடுத்தால் நல்லது. கழுகின் அடிப்பக்கத்தைப் படம் போட்டுக் காட்டும் நான்கு பக்கம் போதும்.

இதில் ஒரு நேர்மை தேவை. 2023இல் மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். இன்னும் பலருக்கு ஏழு பேர்ச் வீட்டுக்காணியே கைகூடவில்லை. அவர்கள் முன்னால் போய் ‘இந்தக் காட்டுத் துண்டைத் தொடாதே’ என்று சொல்லும்போது, அந்த நிலம் யாருடையது என்ற கேள்வி உடனே எழும், எழவேண்டும். வீட்டுக்காணியைக் காட்டிலிருந்து பிய்த்துக் கொடுக்காமல், விளைச்சல் இல்லாமல் தரிசாகிப்போன தேயிலை நிலத்திலிருந்து கொடுப்பதே இரண்டையும் காக்கும் வழி. அப்படிப்பட்ட நிலம் தோட்டங்களில் இல்லாமல் இல்லை.

நடைமுறையில் முதல் வேலையாக நான் கேட்பது சிறியது. கம்பனிகள் ஒவ்வொன்றும் மரம் வெட்டும் திட்டம் போடும்போது, சவுக்கு எத்தனை, யூக்கலிப்டஸ் எத்தனை என்று எண்ணுவதோடு, கழுகுக் கூடுள்ள மரத்தையும் அதைச் சுற்றிச் சில மரங்களையும் சிவப்புச் சாயத்தால் குறித்து விலக்கி வைக்கவேண்டும். கூட்டைக் கண்டுபிடிக்கக் கொழும்பிலிருந்து ஆள் வரத்தேவையில்லை. அந்தத் தொங்கலில் கவ்வாத்துச் செய்கிறவர்களுக்கும் காவல்காரருக்கும் அது தெரியும். கண்டு சொல்கிறவருக்கு ஒரு நாள் பேர் போட்டால் செலவு அத்துடன் முடிந்தது. குறித்த மரங்களை ஆண்டுக்கொருமுறை யார் போய்ப் பார்ப்பது, கூட்டில் குஞ்சு இருந்ததா என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பதை வனத் திணைக்களமும் கம்பனியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.